35 மீட்டருக்குள் ஒரு ரோலர் கோஸ்டர்: வாசகர் கேள்வி – பதில்

கோவையில் இரும்புக் கட்டுமான வரைபடங்கள் போடும் அலுவலகம் ஒன்றில் 18 வருடம் வேலை பார்த்தவள் நான். பகலில் கிடங்குக் கூரைகளுக்குத் தூணும் உத்தரமும் வரைவேன். இரவில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கணினியில் ரோலர் கோஸ்டர் வரைவேன். அதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி (சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி): அக்கா, கணினியில் ரோலர் கோஸ்டர் வடிவமைக்கும் போட்டி ஒன்றில் சேரப் போகிறேன். விதித்தாள் மட்டும் 4 பக்கம். இடம் 120க்கு 60 மீட்டர். உயரம் 35 மீட்டரைத் தாண்டக் கூடாது. இருக்கையில் அழுத்தும் விசை 4.5 ஜி (1 ஜி என்பது நம் சாதாரண எடை), இருக்கையை விட்டுத் தூக்கும் விசை மைனஸ் 1 ஜி, பக்கவாட்டில் 1 ஜி. எந்தப் பெட்டியில் இதைத் தாண்டினாலும் நீக்கம். இரண்டு ரயில் ஓட வேண்டும். கையையும் காலையும் கட்டிக் கிணற்றில் போட்டு நீந்தச் சொன்ன மாதிரி இருக்கிறது. என் நண்பன் எந்த விதியும் இல்லாமல் 100 மீட்டர் உயரத்தில் ஒன்று செய்து வைத்திருக்கிறான். என் கற்பனைக்கு இதில் எங்கே இடம்?

பதில்: தம்பி, முதலில் இங்கிலாந்தில் நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஆல்டன் டவர்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே எதைக் கட்டினாலும் மரங்களின் தலைக்கு மேலே தெரியக் கூடாது என்று கட்டுப்பாடு. உங்களுக்குக் கிடைத்த 35 மீட்டர்கூட அவர்களுக்குக் கிடையாது. ஜான் வார்ட்லி என்ற வடிவமைப்பாளரும் சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனமும் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே போக வழியில்லை என்றதும் கீழே போனார்கள். பாறையை வெடி வைத்துத் தகர்த்து, பள்ளம் பறித்து, அந்தப் பள்ளத்துக்குள் பாதையைச் சுற்றி விட்டார்கள். 1994ல் திறந்த நெமிசிஸ் அதுதான். அதன் உயரம் 13 மீட்டர்தான், ஆனால் இறக்கம் 30 மீட்டரைத் தாண்டும். வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். பயணி தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்க உட்கார்ந்திருப்பார். பாறைச் சுவர் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விலகும். அதே 80 கிலோமீட்டர் வெட்டவெளியில் அப்படித் தெரியவே தெரியாது. 28 வருடம் ஓடிய பிறகு 2022ல் மூடி, தண்டவாளத்தை மாற்றி 2024ல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். மரத்துக்கு மேலே போகாதே என்று ஒருவர் தடுத்ததால் கிடைத்த பள்ளம் அது.

உங்கள் நண்பரின் 100 மீட்டருக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005ல் திறந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம். மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், ஒரு சின்ன மேடு. அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2024ல் அதை மூடி, அடுத்த வருடம் இடித்தும் விட்டார்கள். உயரம் ஒரு நொடியைத்தான் தரும். மீதி நேரத்தை நிரப்ப வேண்டியது நீங்கள்.

இப்போது உங்கள் விதித்தாளில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 35 மீட்டர் உயரம் என்றால் எதிலிருந்து? தரையிலிருந்தா, பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்தா? நான் சேர்ந்த முதல் போட்டியில் நெமிசிஸ் நினைப்பிலேயே பள்ளம் தோண்டினேன். இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தது. அந்தப் போட்டியின் விதியில் ‘மிக உயர்ந்த புள்ளிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அந்த வரியை வேகமாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். முதல் நாளே நீக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதிலிருந்து விதித்தாளை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் சொந்த வார்த்தையில் திருப்பி எழுதிப் பார்க்கிறேன். எழுத முடியாத வரி எதுவோ, அதுதான் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நீங்களும் இன்றே கேட்டுவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மென்பொருளைத் திறக்காதீர்கள், தாளும் பேனாவும் போதும். 35 மீட்டரில் ஆரம்பித்துத் தரைக்கு 2 மீட்டர் மேலே வந்து முடிந்தால் இறக்கம் 33 மீட்டர். உராய்வை விட்டுவிட்டால் அடியில் வேகம் மணிக்குச் சுமார் 92 கிலோமீட்டர். அங்கே அழுத்தும் விசைக்குச் சுலபமான வாய்ப்பாடு இருக்கிறது: இறக்கத்தை இரண்டால் பெருக்கி, அடியில் பாதை மேல்நோக்கி வளையும் பள்ளத்தின் ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். ஆரம் 20 மீட்டர் என்றால் 4.3 ஜி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த இடத்தில் தன் உடம்பு 258 கிலோவாகத் தெரியும். ஆரத்தை 18க்குக் குறைத்தால் 4.67, நீக்கம். ஆகவே உங்கள் முதல் பள்ளத்தின் ஆரம் ஏறக்குறைய 20 என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது? விதி.

அடுத்து அகலம் 60 மீட்டர். பள்ளத்திலிருந்து அதே வேகத்தில் திரும்ப வேண்டுமென்றால் வளைவின் ஆரம் அதிகபட்சம் 25 என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் தூணுக்கு 5 மீட்டர் விட வேண்டுமே. அந்த வேகத்துக்கும் அந்த ஆரத்துக்கும், பக்கவாட்டு விசையே இல்லாமல் இருக்கப் பாதையை ஏறக்குறைய 70 டிகிரி சாய்க்க வேண்டும். பயணி கிட்டத்தட்டப் படுத்தபடி 2.8 ஜி அழுத்தத்தில் அந்த வளைவைச் சுற்றுவார். பாருங்கள், நீங்கள் இன்னும் ஒரு கோடுகூட வரையவில்லை. அதற்குள் ஒரு இறக்கமும், ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்ந்த ஒரு வளைவும் கைக்கு வந்துவிட்டன. அந்த வளைவு முடியும் இடத்தில் எதை வைப்பீர்கள்? நிலையத்தின் கூரைக்கு அடியில் விட்டு நுழைப்பீர்களா, முதல் இறக்கத்தின் தூண்களுக்கு நடுவே ஊடுருவ வைப்பீர்களா? அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

ஜெர்மனியின் ப்ரூல் ஊரில் ஃபாண்டாசியாலாண்ட் என்ற பூங்காவில் 2016ல் திறந்த டாரோன் உங்களுடையதைவிட 5 மீட்டர் குறைவு, 30 மீட்டர்தான். அதன் பாதை தன்னைத்தானே 116 இடங்களில் குறுக்கே கடக்கிறது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு உங்கள் 120க்கு 60 மீட்டரைத் திரும்பப் பாருங்கள். சின்ன இடமாகத் தெரியாது.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கரூர்): ரயில் தலைகீழாகச் சுற்றி வரும் லூப்பைக் காம்பஸ் வைத்தது போல அழகான வட்டமாக வரைந்தேன். அடியில் விசை 6 ஜியைத் தாண்டிச் சிவப்பாகிறது. வேகத்தைக் குறைத்தால் ரயில் உச்சிக்குப் போகாமல் திரும்பி வருகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கணக்கில் தப்பில்லை கண்ணு, வட்டத்தில்தான் தப்பு. முழு வட்ட லூப்பில் அடியில் உள்ள விசைக்கும் உச்சியில் உள்ள விசைக்கும் வித்தியாசம் எப்போதும் 6 ஜி. பெரிய வட்டமோ சின்ன வட்டமோ, அது மாறாது. உச்சியில் பயணி சும்மா மிதந்தாலே, அதாவது 0 ஜி இருந்தாலே, அடியில் 6 ஜி வந்துவிடும். நீங்கள் எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் அவிழ்வது அதனால்தான்.

1895ல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று வைத்தார்கள். உங்களுடையது போலவே வட்ட லூப், அதுவும் மிகச் சின்னது. ஏறியவர்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சில வருடங்களிலேயே அது போய்விட்டது. 1901ல் அதே கோனி தீவில் நீள்வட்டமாக ஒன்று வந்தது. அது உடம்பை அவ்வளவு வருத்தவில்லை, ஆனால் ஒரு வண்டியில் நான்கு பேர்தான், வருமானம் கட்டவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் லூப் பக்கம் பெரிதாக யாரும் போகவில்லை. 1976ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டிய ரெவல்யூஷனில்தான் விஷயம் தீர்ந்தது. அதன் கணக்கைப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர். அடியில் அகலமாக, உச்சியில் இறுக்கமாக, நீர்த்துளி போல வரைந்தார். ரயில் வேகமாக இருக்கும் அடியில் ஆரம் பெரியது, மெதுவாகும் உச்சியில் ஆரம் சின்னது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தக் கோட்டுக்குக் குளோத்தாய்டு என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். நேர்ச்சாலை முடிந்து வளைவு வரும்போது அவர் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடிக்க மாட்டார். ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே போவார். அப்போது பஸ் போகும் தடம்தான் குளோத்தாய்டு. நெடுஞ்சாலை வளைவுகளிலும் இதைத்தான் வைக்கிறார்கள். உங்கள் லூப்புக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அந்தக் கை சுற்ற வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பாதையைச் சாய்க்கும்போது தண்டவாளத்தை அச்சாக வைத்துச் சுற்றாதீர்கள். அப்படிச் செய்தால் அதற்கு ஒரு மீட்டருக்கு மேலே இருக்கும் பயணியின் தலை இடமும் வலமுமாக வீசப்படும். பயணியின் நெஞ்சை அச்சாக வைத்துத் தண்டவாளம் அதைச் சுற்றி வர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் கோணலாகப் போவது போல இருக்கும். உள்ளே உட்கார்ந்தவருக்கு வழுக்கிக்கொண்டு போகும். நான் இதைப் புரிந்துகொண்ட ராத்திரி, அதுவரை செய்து வைத்திருந்த நான்கு கோஸ்டரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தேன்.

கேள்வி (மென்பொருள் ஊழியர், புதுச்சேரி): என் வடிவமைப்பை ‘இரண்டு ரயில் ஓடவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக நீக்கிவிட்டார்கள். ஒரு ரயில் அருமையாக ஓடுகிறது. பாதை அதேதானே? இது நியாயமா?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். பாதை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீக்கியது சரி.

பாதையைப் பிளாக் பிளாக்காக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிப்பது ரயில்வேயில் செய்வது போலத்தான். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில். முன்னால் உள்ள பிளாக் காலியாகாமல் பின்னால் வரும் ரயிலை விடக் கூடாது. அதனால் பிளாக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ரயில்களைவிட ஒன்றாவது அதிகமாக இருக்க வேண்டும். நீங்கள் கடைசி பிரேக்கையும் நிலையத்தையும் ஒரே பிளாக்காக வைத்திருக்கிறீர்கள். ஆக மொத்தம் நிலையம், ஏற்றம் என்று இரண்டுதான். இரண்டாவது ரயில் திரும்பி வரும்போது நிற்க இடமில்லை. கடைசி பிரேக்கைத் தனியாகப் பிரித்தால் மூன்றாகிவிடும், இரண்டு ரயிலும் ஓடும்.

‘பாதை அதேதானே’ என்கிறீர்கள். வரிசையில் நிற்கிறவருக்கு அதே பாதை இல்லை. ஓட 2 நிமிடம், ஏறி இறங்க 1 நிமிடம், ரயிலில் 24 பேர் என்று வையுங்கள். ஒரு ரயில் மட்டும் ஓடினால் மணிக்கு 480 பேர். இரண்டு ஓடினால் 960. வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய்க்கு அது 40 நிமிடமா, 80 நிமிடமா என்பதுதான் அந்த விதி. கணினிக்குள் அந்தத் தாய் இல்லைதான். ஆனால் அவளை நினைக்காமல் வரைந்த பாதையை ரோலர் கோஸ்டர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுவழியில் பிரேக் வைத்திருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ரயிலை அங்கே முழுதாக நிறுத்தி, பிறகு விடுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மீதி மேடுகளை அது ஏறிவிட வேண்டும். ஏறாமல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால், ஓடும் வேகத்தை நம்பி மட்டும் வரைந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): எந்த மென்பொருளில் ஆரம்பிப்பது?

பதில்: போட்டி விதியில் எது எழுதியிருக்கிறதோ அது. சும்மா பழக என்றால், விசைக் கணக்கு வேண்டுமானால் நோலிமிட்ஸ் 2. பூங்காவும் மரமும் கடையும் சேர்த்துக் கட்ட ஆசை என்றால் பிளானட் கோஸ்டர். வீட்டில் பழைய கணினிதான் இருக்கிறது என்றால் 1999ல் வந்த ரோலர் கோஸ்டர் டைகூனே போதும். நான் தொடங்கியது அதில்தான், தம்பியின் கணினியில்.

கேள்வி (ஒரு தந்தை, சேலம்): பத்தாவது படிக்கும் என் மகள் தினமும் ராத்திரி 2 மணி நேரம் இதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். போட்டி, விதி, ஜி என்று என்னென்னவோ சொல்கிறாள். இதற்கு எதிர்காலம் உண்டா, இல்லை நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: ஐயா, மழுப்பாமல் சொல்கிறேன். ரோலர் கோஸ்டர் வடிவமைக்கும் நிறுவனங்கள் உலகத்திலேயே குறைவு. சுவிட்சர்லாந்தில் போலிகர் அண்ட் மபிலார்ட், ஜெர்மனியின் வால்ட்கிர்ஷில் மாக், நெதர்லாந்தில் வெகோமா, லீக்டென்ஸ்டைனில் இன்டாமின், அமெரிக்காவின் ஐடஹோவில் ராக்கி மவுன்டன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மகாராஷ்டிரத்தில் கொப்போலி பக்கம் இமேஜிக்கா பூங்காவில் 2013ல் வந்த நைட்ரோகூட சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வடிவமைப்புதான். அந்த வேலை உங்கள் மகளுக்குக் கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள். நோலிமிட்ஸின் தொழில்முறைப் பதிப்பை இந்தத் துறை நிறுவனங்களே பயன்படுத்துகின்றன. பத்தாவது படிக்கும் பெண் ஆரம், வேகம், விசை என்று பேசுகிறாள் என்றால், இயற்பியல் புத்தகத்தில் அடுத்த இரண்டு வருடம் வரப்போவதை இப்போதே கையால் தொட்டுப் பார்த்துவிட்டாள். எனக்கு அந்த வயதில் ஆரம் என்பது தேர்வுத் தாளில் வரும் ஓர் எழுத்து மட்டும்தான்.

ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏதாவது ஒரு வளைவைக் காட்டி, ‘இதை ஏம்மா இவ்வளவு சாய்த்திருக்கிறாய்?’ என்று கேளுங்கள். அவள் உங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கிவிட்டால் அந்த 2 மணி நேரத்தை விட்டுவிடுங்கள். 10 மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்று மட்டும் ஒரு விதி வையுங்கள். விதிகளோடு வேலை செய்யத்தான் அவள் பழகிக்கொண்டிருக்கிறாளே, ஏற்றுக்கொள்வாள்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்): போட்டி முடிய 2 நாள்தான் இருக்கிறது. பாதை முடிந்துவிட்டது. விசை எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது. மீதி நேரத்தில் மரம், விளக்கு, பாறை எல்லாம் வைக்கலாமா?

பதில்: மரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி. விசையை எந்தப் பெட்டியில் அளந்தீர்கள்? நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் நடுப்பெட்டி என்றிருக்கிறது. உங்கள் இரண்டாவது மேட்டில் நடுப்பெட்டிக்கு மைனஸ் 0.9 வருகிறது, வரம்பு மைனஸ் 1. அங்கேதான் எனக்குப் பயம்.

ரயில் ஒரு மேட்டைக் கடக்கும்போது, அதன் நடு உச்சியில் இருக்கும் நேரத்தில்தான் வேகம் மிகக் குறைவு. முதல் பெட்டி உச்சியைத் தொடும்போது ரயில் இன்னும் ஏறி முடிக்கவில்லை, அதனால் வேகம் மிச்சம் இருக்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் எல்லாம் இறங்கத் தொடங்கி அதை இழுக்கின்றன, மறுபடி வேகம் கூடிவிடுகிறது. ஆக மேட்டில் இரண்டு முனைப் பெட்டிகளுக்கும் தூக்கல் அதிகம், பள்ளத்தில் நடுப்பெட்டிக்கு அழுத்தம் அதிகம். நடுப்பெட்டியில் மைனஸ் 0.9 என்றால் கடைசிப் பெட்டி வரம்பைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நடுவர்கள் எல்லாப் பெட்டியிலும் ஏறிப் பார்ப்பார்கள்.

அந்த மேட்டின் ஆரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். உச்சிக்கும் அதற்கு முந்தைய இறக்கத்தின் தொடக்கத்துக்கும் 15 மீட்டர் வித்தியாசம் என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: ஆரம் 30 என்றால் உடம்பு எடையில்லாமல் மிதக்கும், 20 என்றால் மைனஸ் அரை ஜி, 15 என்றால் மைனஸ் 1. நீங்கள் 16ல் நிற்கிறீர்கள். 19 அல்லது 20க்கு வாருங்கள். தூக்கல் குறைந்துவிடுமே என்று வருத்தப்பட வேண்டாம். ஆரம் கூடினால் அந்த மிதப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். வெடுக்கென்று ஒரு தூக்கலைவிட, இரண்டு நொடி இருக்கையை விட்டு எழும்பி நிற்பதுதான் எனக்குப் பிடித்தது.

மேடு மாறினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே கொஞ்சம் நகரும். ஆகவே முதல் நாள் முழுதும் அதற்கு. அடுத்த நாள் காலையில் முதல் பெட்டியிலும், மதியம் கடைசிப் பெட்டியிலும் உட்கார்ந்து முழுப் பாதையையும் ஓட்டிப் பாருங்கள். தூண்கள் எதுவும் கை நீட்டும் தூரத்தில் இல்லையே என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம் நேரம் மிச்சமிருந்தால் நிலையத்தைச் சுற்றிலும், முதல் இறக்கத்தின் அடியிலும் மட்டும் மரம் வையுங்கள். வேகம் தெரிய அங்கே ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற இடம் வெறும் புல்லாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசி நேரம் 23:59 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று உங்கள் விதித்தாளில் இருக்கிறது. நம் கடிகாரத்தில் அது மறுநாள் விடியற்காலை 5:29. அதை நம்பி விடிய விடிய உட்காராமல் இரவு 9 மணிக்கே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய கோப்பை நண்பர் ஒருவரின் கணினியில் இறக்கி, திறந்து, இரண்டு ரயிலும் ஒரு சுற்று சுற்றி நிலையத்துக்குள் வந்து நிற்கும் வரை பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.